அக்கா செய்த சாய்வு நாற்காலியும் அதன் இரண்டு நாக்குகளும்

இம்மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் எங்கள் அக்காவை நன்கு அறிந்தவர்கள். அவரோடு பழகியவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள், அவர் கையால் சாப்பிட்டவர்கள். அப்படிப்பட்ட உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்வது என்று எனக்குத் தயக்கம் இருந்தது. ஓராண்டு நினைவு நாளுக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் வசந்தா கேட்டுக்கொண்டதால், அக்கா செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். அந்த நாற்காலியை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். சிலர் வீட்டில் அது மாதக்கணக்கில் இருந்திருக்கிறது. அது எப்படி உருவானது என்பது முழுவதும் தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் இருவர் இப்போது இல்லை.

அக்கா பொதட்டூர்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். எங்கள் நைனாவுக்கு இரண்டு தறிகள். அக்கா மூத்தவர். நான் ஆறு வயது இளையவன். எங்களுக்கு இடையில் பிறந்த இருவரும் தங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. நைனாவுக்குக் கண் மங்கத் தொடங்கியதும் பதினான்கு வயதில் தறியில் உட்கார்ந்தார். அவர் நெய்த வருமானத்தில்தான் நான் பத்தாவது முடித்து, அரக்கோணத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். இதை அக்கா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானாகச் சொன்னாலும், "அதெல்லாம் யாரு கேட்டாங்க இப்ப" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

பத்தொன்பது வயதில் திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டார். அவர் கணவர், எங்கள் பாவாவும் நெசவாளர்தான். மலைக்குக் கீழே, காவடி போகும் தெருவில் அவர்கள் வீடு. பாவா ஆறடி உயரம், அகன்ற தோள். பாவு நூல் சுற்றிய தறிக்கட்டையைத் தனி ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார். ஆடிக் கிருத்திகைக்கு வருடம் தவறாமல் காவடி எடுப்பார். அக்கா அவர் தோளுக்குக் கூட எட்டமாட்டார். இருவரையும் சேர்த்துப் பார்த்துத் தெருவில் சிரிப்பார்கள். பாவாவும் சேர்ந்து சிரிப்பார். வசந்தா பிறந்தாள். இரண்டு தறியும் ஓடின. குறை ஒன்றும் இல்லை.

அறுபதுகளின் நடுவில், ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றக் கூரை மேல் ஏறிய பாவா, சட்டம் முறிந்து கீழே விழுந்தார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் இருந்தார்கள். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்: ஒரேயடியாகப் படுக்க வைக்கக் கூடாது, சளி கட்டிக்கொள்ளும்; ஒரேயடியாக நிமிர்த்தி உட்கார வைக்கவும் கூடாது, புண் வரும், மயக்கம் வரும்; மணிக்கு ஒரு தரம் சாய்மானத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சொல்வது எளிது. பாவாவின் உடம்பை அக்கா ஒருவர் தூக்கி, முதுகுக்குப் பின்னால் தலையணையையும் துணி மூட்டையையும் வைத்து உயர்த்துவார். பிறகு தறிக்குப் போவார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வந்து ஒரு தலையணையை உருவி எடுப்பார். மீண்டும் தறிக்குப் போவார். இப்படிப் பகல் முழுதும். இதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. அக்கா தறியில் இருக்கும்போது பாவா அவரைக் கூப்பிட மாட்டார். வலித்தாலும் மூச்சு முட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். முதல் புண் அப்படித்தான் வந்தது.

"கூப்ட வாயிருக்குது, கூப்ட மாட்டேன்றாரு" என்று அக்கா என்னிடம் சொன்னார். "நான் தறிய வுட்டு எழுந்தா சோறு போயிடும்னு நெனைக்கிறாரு. நான் இன்னா பண்ணுவேன் சொல்லு."

கித்தான் துணி போட்ட ஈஸி சேர் ஒன்றை வாங்கிப் பார்த்தோம். உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பின்னால் மரத்தில் நான்கு வெட்டு இருக்கும். சாய்மானத்தின் கட்டையை எந்த வெட்டில் வைக்கிறோமோ அதற்கு ஏற்றபடி சாயும். ஆனால் கட்டையை மாற்றி வைக்க வேண்டுமானால் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க முடிந்தால் பாவாவுக்கு அந்த நாற்காலியே தேவையில்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பட்டறையில் நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன். இது என்ன பெரிய விஷயம், நான் செய்து தருகிறேன் என்றேன். ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் நாற்காலி செய்து, சாய்மானத்தைக் கீலில் மாட்டினேன். கீலுக்குப் பக்கத்தில் இரண்டு இரும்புப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, நடுவில் ஒரு போல்ட்டால் இறுக்கினேன். போல்ட்டின் தலையில் நீளமான கைப்பிடி. கைப்பிடியைத் தளர்த்தி, வேண்டிய அளவுக்குச் சாய்ந்து, மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். பாவாவுக்குக் கையில் வலு குறையவில்லை, அவரே செய்துகொள்ளலாம். எந்தச் சாய்விலும் நின்றது. பாவா சந்தோஷப்பட்டார். நான் அதைவிடச் சந்தோஷப்பட்டேன். அக்கா மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "இறுக்கறது எல்லாம் அவரு கையிலதான் இருக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கேட்டதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கீல் கிறீச்சிடத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனவன் கீலுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது. எண்ணெய் வழிந்து இரும்புப் பட்டைகளுக்கு நடுவே இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதைத் தொழில் தெரிந்தவன் எழுதுகிறேன். தோன்றியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் பட்டைகள் வழுக்கிவிட்டன. சாய்மானம் ஒரே வீச்சில் பின்னால் போய்விட்டது. பாவாவின் தலை தரையில் மோதியது. பிடித்துக்கொள்ள நீட்டிய இடது கை பட்டைகளுக்கிடையே சிக்கி, இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அக்கா தறியிலிருந்து ஓடி வந்து, தூக்க முடியாமல் தெருவைக் கூப்பிட்டிருக்கிறார். அன்று ஓடி வந்தவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள்.

எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். எப்படி ஆனது என்று யாரோ கேட்டார்கள். "மரை தேஞ்சிப் போச்சி" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு இரத்தம் படிந்த பட்டைகளைத் துடைக்கப் போனார்.

அதன் பிறகு ஐந்து மாதம் நான் திருத்தணிக்குப் போகவில்லை. அரிசி, மருந்து எல்லாவற்றையும் என் மனைவியிடம் கொடுத்து அனுப்பினேன். பட்டறையில் வேலை அதிகம் என்று சொல்லச் சொன்னேன். பாவா மறுபடியும் கட்டிலுக்குப் போய்விட்டார் என்றும், புண் பெரிதாகிவிட்டது என்றும், நாற்காலி என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்றும் அவள் வந்து சொல்வாள்.

ஒருநாள் காலை அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றார். தனியாக ரயிலேறி அரக்கோணம் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் இருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"இன்னாக்கா? பாவாவுக்கு எதனா..."

"அவரு இருக்காரு. பக்கத்து வூட்டு கோவிந்தம்மா பாத்துக்கிது. நான் மூணு மணி வண்டிய புடிக்கணும். மொதல்ல இத்த பாரு."

பையிலிருந்து அட்டைத் துண்டுகளை எடுத்தார். நூல் வரும் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை. ஒன்று விசிறி போல வளைந்து, ஓரத்தில் பல் பல்லாக வெட்டப்பட்டிருந்தது. இன்னும் இரண்டு, விரல் நீளத்தில், நுனி கூர்மையாக, ஒரு குச்சியில் ஆணியடித்துத் தொங்கின. அந்த இரண்டையும் ஒரு நூல் இணைத்திருந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அதைக் கவனிக்கவே இல்லை.

பார்த்ததும் எனக்குப் புரிந்தது. தறியில் நெய்த துணியைச் சுற்றும் உருளையின் ஓரத்தில் ஒரு பல்சக்கரம் உண்டு. அதன் பல்லில் ஓர் இரும்பு நாக்கு விழுந்து நிற்கும். துணி எவ்வளவு விறைப்பாக இழுத்தாலும் அந்த நாக்கு விடாது.

"இது தறியில இருக்கற நாக்குதானேக்கா" என்றேன்.

"ஆங். தறியில ஒண்ணு. இதுல ரெண்டு."

"எதுக்கு ரெண்டு? ஒண்ணே தாங்குமே."

"தாங்கும். தூக்கினா? தறியில நாக்க தூக்கினா உருள ஓடும், நான் கையால புடிச்சிக்குவேன். நாற்காலில அவர யாரு புடிப்பாங்க?" என்று கேட்டு, அட்டையைக் கையில் எடுத்தார். "தறிக்கு அடியில மிதிய பாத்திருக்க இல்ல? ஒரு கால அமுக்கினா ஒண்ணு எறங்கும், இன்னொண்ணு ஏறும். ரெண்டும் ஒரே நேரத்துல மேல போவாது. அந்த மாரி கட்டியிருக்கேன். இது வாய வுட்டா அது கவ்வும். அது வாய வுட்டா இது கவ்வும்."

நூலை இழுத்துக் காட்டினார். ஒரு நாக்கு எழுந்தது. மற்றது அரைப் பல் தள்ளி விழுந்தது. அட்டை விசிறி அரைப் பல் அளவு நகர்ந்து நின்றது. நூலை விட்டார். இன்னொரு அரைப் பல் நகர்ந்து நின்றது. எத்தனை தடவை செய்தாலும் அரைப் பல்லுக்கு மேல் அது இறங்கவில்லை. பற்களைப் பின்பக்கம் உள்வாங்கினாற்போல வெட்டியிருந்தார். பாரம் ஏறினால் நாக்கு இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். சாய்ந்திருப்பவர் முதுகைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்தால்தான் நாக்கை அசைக்க முடியும். தெரியாமல் கை பட்டு ஒன்றும் ஆகாது.

"நிமிரணும்னா?" என்றேன்.

"கைய ஊணி முன்ன வந்தா போதும். பல்லு தானா தாண்டிக்கும், நாக்கு தானா வுழும். இறுக்கறதுன்னு ஒரு வேலையே அவருக்குக் கெடையாது."

அவர் முன்பு கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதன் இறுக்க மறந்தாலும், இறுக்கியது தளர்ந்தாலும் விழாத நாற்காலி வேண்டும் என்று அவர் அன்றே யோசித்திருக்கிறார். ஐந்து மாதம் தறியில் உட்கார்ந்தபடியே அதை யோசித்து முடித்திருக்கிறார்.

எங்கள் பட்டறை முதலாளி வந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். தகடு கால் அங்குலம் போதாது, அரை அங்குலம் வேண்டும் என்று மட்டும் சொன்னார். "நீங்க சொன்னா சரிங்க" என்று அக்கா ஒத்துக்கொண்டார்.

ரயிலடி வரை கூடப் போனேன். வழியில் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு மரை தேயல. நான் எண்ணெ வுட்டேன். அது பட்டையில எறங்கிடுச்சி."

"தெரியும். பட்டைய தொடச்ச துணியில எண்ணெ இருந்திச்சி."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னா பண்ணியிருப்ப? அழுதிருப்ப. எனக்கு அழறவன் வாணாம். பட்டறையில கீறவன் வேணும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவர்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

அந்த வாரமே போய்ப் பாவாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டுப் போட்டு ஆறிய கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். என்னிடம் பேசவில்லை.

தகட்டை வெட்டி முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. முதலில் வெட்டியது வீணாகிவிட்டது. அக்கா உள்வாங்கலாக வெட்டியிருந்த பற்களை நான் ரம்பம் போல நேராக வெட்டிவிட்டேன். நாக்கு துள்ளி வெளியே வந்தது. அக்கா அட்டையையும் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நீ உன் இஷ்டத்துக்கு வெட்டியிருக்க" என்றார். அவ்வளவுதான். மறுபடி வெட்டினேன்.

ஆசாரி மரவேலை முடித்த புது நாற்காலி வீட்டுக்கு வந்ததும் அக்கா பாவாவை அதன் அருகில் கூட விடவில்லை. ஆட்டுக்கல்லையும் செங்கல்லையும் சாய்மானத்தில் ஏற்றிக் கட்டினார். எட்டு நாள் அது அப்படியே நின்றது. தறியிலிருந்து எழும்போதெல்லாம் வந்து, நாக்குகளை அசைக்கும் கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பார்ப்பார். பிறகு ஆசாரியை உட்காரச் சொன்னார். ஆசாரி பாவாவைவிடக் கனம். "நானே செஞ்சதுல என்னையே கொல்லப் பாக்குறியாம்மா?" என்றபடி உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டே சாய்ந்தவர், அரை அரைப் பல்லாக இறங்கிக் கடைசி வரை போனார், நிமிர்ந்தார், மறுபடி இறங்கினார். எழுந்ததும், "நல்லா இருக்குதும்மா" என்று சிரிப்பில்லாமல் சொன்னார்.

பாவா உட்கார மறுத்துவிட்டார்.

"அந்தக் கொரடு எனக்கு வாணாம். ஒரு தடவ விரல குடுத்தது போதும்" என்றார்.

அக்கா வற்புறுத்தவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரில் போட்டார். காலையில் அதில் உட்கார்ந்து தலை வாரினார். பகலில் அதில் சாய்ந்து சாப்பிட்டார். சாய்ந்து எழுந்து, சாய்ந்து எழுந்து, பாவாவின் கண்முன்னே அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தார். மூன்று வாரம் இப்படி நடந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊருக்குள் கால் வைக்க இடம் இல்லை. அரக்கோணம் பக்கமிருந்தும் ஆந்திரா பக்கமிருந்தும் காவடிகள் வந்துகொண்டே இருந்தன. தெரு முழுவதும் அரோகரா சத்தம். நான் குடும்பத்தோடு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். பாவா கட்டிலில் கிடந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பைச் சத்தம் வாசலைக் கடந்து போகும்போது அவர் தலை மட்டும் திரும்பும். கட்டிலிலிருந்து பார்த்தால் வாசல் தெரியாது.

பத்து மணி இருக்கும். "ஏய், அத்த வாசப் பக்கம் தள்ளு" என்றார்.

அக்கா உடனே நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டார். நானும் அவருமாகப் பாவாவைத் தூக்கி உட்கார வைத்தோம். நான் பின்னால் நின்று சாய்மானத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். 

"கைய எடு மச்சான்" என்றார் பாவா.

எடுத்தேன். பாவா முதுகை முன்னுக்கு எடுத்து, கைப்பிடியை இழுத்து, மெல்லச் சாய்ந்தார். 'கடக்' என்று நாக்கு விழுந்தது. நின்றது. இன்னொரு தடவை இழுத்தார். நின்றது. அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. அக்கா துடைக்கப் போனார். பாவா தலையை அசைத்து வேண்டாம் என்றார். அன்று மாலை வரை அவர் வாசலை விட்டு நகரவில்லை. தெரிந்தவர்கள் காவடியோடு நின்று அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். அவர் நிமிர்வதும் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தார். கடக் கடக் என்ற சத்தம் பம்பைச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. அக்கா சமையலறையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். என் மனைவி பார்த்து என்னிடம் சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. அக்காவின் தறி மறுபடி முழு நேரம் ஓடியது. நாற்காலியை நன்றாக நிமிர்த்திக்கொண்டால் பாவாவுக்கு இரண்டு கையும் ஓய்வாக இருந்தது. அவரே கேட்டு, தார் சுற்றும் வேலையை, அதாவது நாடாவில் வைக்கும் குழலில் ஊடை நூல் சுற்றுவதை, எடுத்துக்கொண்டார். விரல் நுனி இல்லாத கையில் நூல் பிடிக்கப் பழகச் சில வாரம் பிடித்தது. அதன் பிறகு அக்கா தறிக்கு வேண்டிய தார் எல்லாம் அவர் சுற்றியதுதான். வசந்தாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும், அவள் கல்யாணத்துக்கு வந்தவர்களை வரவேற்றதும் அந்த நாற்காலியில் இருந்தபடிதான். பன்னிரண்டு வருடம் அவர் இருந்தார். கடைசியில் நிமோனியாவில் போனார். அந்தப் பன்னிரண்டு வருடமும் நாற்காலி ஒரு தடவை கூட வழுக்கவில்லை.

பாவா இருக்கும்போதே மற்றவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் கேட்டவர் கே.ஜி.கண்டிகையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். ஆஸ்துமாக்காரர், படுத்தால் மூச்சு வராது. பிறகு திருவாலங்காட்டில் பக்கவாதம் வந்த ஓர் அம்மா. யார் கேட்டாலும் அக்கா முதலில் நேரில் போய்ப் பார்ப்பார். உட்காரப்போகிறவரின் கை நீளத்தை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொள்வார். எந்தக் கையில் வலு இருக்கிறது என்று தன் கையை நீட்டி, "இத்த அமுக்குங்க பாப்போம்" என்பார். திருவாலங்காட்டு அம்மாவுக்கு இடது கை மட்டுமே வேலை செய்தது. அவருக்குக் கைப்பிடியை இடப்பக்கம் மாற்றிச் செய்தோம். தகடு வெட்டுவது என் வேலை, மரம் ஆசாரியின் வேலை, நாக்கை அரம் போட்டுப் பொருத்துவது அக்காவின் வேலை. அதை அவர் எங்கள் இருவரிடமும் விட்டதே இல்லை. இருபத்தாறு நாற்காலி செய்தோம். தேவை முடிந்த வீடுகளிலிருந்து திரும்பி வந்தவை அடுத்த வீட்டுக்குப் போகும்.

சென்னையிலிருந்து நாற்காலிக் கடைக்காரர் ஒருவர் ஒரு தடவை தேடி வந்தார். நல்ல மனிதர்தான். தாமே நிறையச் செய்து விற்பதாகச் சொன்னார். ஒரே ஒரு மாற்றம் கேட்டார்.

"ரெண்டு நாக்கு வைக்கறதுல வேல ஜாஸ்திம்மா. ஒண்ணு வச்சி ஸ்பிரிங் போட்டுடலாம். பாக்கவும் நல்லாயிருக்கும்."

"யாரு வேணா செய்யலாங்க. நான் வாணாம்னு சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா. "ஆனா ஒரு நாக்கு வச்சி செஞ்சா அதுல நீங்க மொதல்ல ஒரு மாசம் சாஞ்சிப் பாருங்க. அப்பறம் வித்துக்கோங்க."

அவர் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். மறுபடி வரவில்லை.

அக்காவிடம் குறையே இல்லை என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அவர் வாய் பொல்லாதது. என் மனைவியோடு ஒரு புடவை விஷயத்தில் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார். யார் வீட்டுக் குழம்பிலும் உப்பு சரியில்லை என்பார். சினிமாவுக்குக் கூட்டிப் போனால் பாதியில் தூங்கிவிட்டு, முடிந்ததும் கதையைக் கேட்டு நச்சரிப்பார். பாவா போன பிறகு எங்களோடு வந்து இருக்கச் சொன்னேன், வரவில்லை. "எனக்குத் தறி சத்தம் இல்லன்னா தூக்கம் வராது. உன் வூட்டுல ரயில் சத்தம்" என்றார். தெருவில் விசைத்தறி பெருகிய பிறகும், அவர் தன் தறியிலேயே சொந்தமாக நெய்து சொந்தமாகச் சாப்பிட்டார்.

சென்ற ஆண்டு அவருக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். காலில் நீர் கோத்தது. படுத்தால் மூச்சு முட்டியது. அப்போது எங்கள் நாற்காலிகள் எல்லாம் வெளியே இருந்தன. பாவாவின் நாற்காலி பொதட்டூர்பேட்டையில் ஒரு வீட்டில் இருந்தது. கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன்.

"அங்க ஒருத்தரு சாஞ்சிகினு இருக்காரு. அவர எழுப்பிட்டு எடுத்துகினு வருவியா? வெக்கமா இல்ல உனக்கு?" என்றார். மூச்சு வாங்கியபடியே திட்டினார்.

எட்டு நாளில் புதிதாக ஒன்று செய்து கொண்டுபோனேன். ஆசாரி காலமாகிவிட்டதால் அவர் மகன் மரவேலை செய்தார். நாக்கை வேறு வழியில்லாமல் நானே பொருத்தியிருந்தேன். வீட்டில் இறக்கியதும் அக்கா அதில் உட்காரவில்லை. வசந்தாவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் பக்கத்தில் மெல்லக் கீழே உட்கார்ந்தார். விரலை விட்டு இரண்டு நாக்கையும் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்து நாக்கு கூர் போதாது. முழுசா போய் உக்கார மாட்டேன்றது. அரம் கொண்டாந்தியா?"

கொண்டுவந்திருந்தேன். அவர் கையில் வலு இல்லை. அரத்தை நான் பிடித்துத் தேய்த்தேன். போதும் என்று அவர் சொல்லும் வரை தேய்த்தேன். மூன்று தடவை பொருத்திப் பார்த்த பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். பத்தொன்பது நாள் அதில் இருந்தார். நிமிர்வதும் சாய்வதும் தானே செய்துகொண்டார். இருபதாம் நாள் காலை காப்பி கேட்டு, பாதி குடித்து, இரண்டு பல் பின்னுக்குச் சாய்ந்தார். வசந்தா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது. அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பாவா படுத்த நாள் முதல் அக்காவின் கடைசி நாள் வரை பக்கத்து வீட்டிலிருந்து கை கொடுத்த கோவிந்தம்மா அவர்களுக்கு. முதல் தகட்டுக்கு இரும்பும் இடமும் கொடுத்து, நான் வீணாக்கியதையும் பொறுத்துக்கொண்ட என் பட்டறை முதலாளி அவர்களுக்கு. மறைந்த ஆசாரி அவர்களுக்கும் அவர் மகனுக்கும். அக்காவின் காலில் நீர் வடிய எண்ணெய் தேய்த்துவிட்ட என் மனைவிக்கு. புடவைச் சண்டையை இருவரும் கடைசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாவா விழுந்த அன்றும், நாற்காலி விழுந்த அன்றும், அக்காவைத் தூக்கிய அன்றும் ஓடி வந்த தெருக்காரர்கள் அனைவருக்கும். இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் கடிதம் எழுதியவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

கடைசியாக ஒரு தகவல். தற்சமயம் இரண்டு நாற்காலிகள் திருத்தணி வீட்டில் சும்மா இருக்கின்றன. ஒன்று வலக்கைக்கு, ஒன்று இடக்கைக்கு. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ யாருக்காவது தேவைப்பட்டால் வந்து எடுத்துச் செல்லுங்கள். வாரம் ஒரு முறை இரண்டு நாக்கும் முழுதாக விழுகின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். எடுத்துப் போக ஆள் இல்லையென்றால் வசந்தாவிடம் சொல்லியனுப்புங்கள். நான் கொண்டுவந்து போடுகிறேன். உட்காரப்போகிறவர் கையை அளக்க இரண்டு முழ நூல் மட்டும் எடுத்து வையுங்கள்.